அம்மா கரடியின் குறட்டை

அண்ணி: கையை நல்லாப் பிடி... என் கையை இல்லடி, அதோட கையை.

தங்கை: அது முன்னங்கால், அண்ணி.

அண்ணி: எதுவோ ஒண்ணு. தூக்கிப் பிடி, வயித்தைத் தைச்சு முடிக்கணும்.

தங்கை: பிடிச்சுட்டேன். சீக்கிரம்... என்ன இந்தக் கனம் கனக்குது?

அண்ணி: கனக்காம? உள்ளே என்னென்ன போயிருக்கு தெரியுமா? பழைய மெத்தைப் பஞ்சு, ரெண்டு போர்வை, என்னோட கிழிஞ்ச ஸ்வெட்டர், அப்புறம்...

தங்கை: அப்புறம்?

அண்ணி: ஒண்ணுமில்ல. கத்தரிக்கோலை எடு.

தங்கை: அண்ணி...

அண்ணி: வயிறு தொளதொளன்னு இருந்துச்சுடி. குட்டி போட்ட கரடி. பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா?

தங்கை: குட்டி போட்டுட்டு மாசக்கணக்கா ஒண்ணும் சாப்பிடாம பனிக்குள்ள கிடக்குற கரடி அது. கொஞ்சம் வத்தித்தான் இருக்கும். எதைப் போட்டீங்க?

அண்ணி: உங்க அண்ணனோட தலையணை.

தங்கை: ஐயோ, அதைத்தானா வீடு பூரா தேடிக்கிட்டிருக்கார்?

அண்ணி: நானும் கூடச் சேர்ந்துதான் தேடினேன். கட்டிலுக்கு அடியிலகூட டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பாவம், அவ்வளவு அக்கறையான பொண்டாட்டி எந்த மனுஷனுக்குக் கிடைப்பா?

தங்கை: குறட்டை போச்சு, தலையணையும் போச்சு. இனி அவரையே தூக்கிட்டு வந்து குகைக்குள்ள படுக்க வெச்சுட வேண்டியதுதான்.

அண்ணி: மெதுவாப் பேசு. வர்ற நேரம். அந்தக் குட்டி ரெண்டையும் தள்ளி வை, மூஞ்சியில ஊசி பட்டுடப் போகுது.

தங்கை: துணிக் குட்டிக்கு வலிக்குமா?

அண்ணி: எனக்கு வலிக்கும். முதல்ல ஆட்டுக்குட்டி சைஸுக்குத் தைச்சுக் கொண்டு வந்தேனே, என்ன சொன்னே? பிறந்த பனிக்கரடி ஒரு கிலோகூட இருக்காது, ரெண்டு உள்ளங்கையில அடங்கிடும்னே. இவ்வளவு பெரிய உடம்புல இருந்து இத்தனூண்டு வரும்னு எந்த டெய்லருக்குத் தெரியும்? அப்புறம் அம்மாக் கரடிக்கு மூக்கோரமும் பாதத்துலயும் கருப்புத் துணி...

தங்கை: அதோட தோல் நிஜமாவே கருப்பு. ரோமம்தான் வெள்ளையாத் தெரியுது.

அண்ணி: அதைக் கேட்டதும் எனக்கு அது மேல தனிப் பாசம் வந்துடுச்சு. பவுடர் பூசின நம்ம சித்தி மாதிரி.

தங்கை: சிரிக்க வைக்காதீங்க, கால் நழுவுது... முடிஞ்சுதா?

அண்ணி: முடிஞ்சுது. முடிச்சுப் போட்டாச்சு. இறக்கு... மெல்ல, மெல்ல. குட்டிகளை மடியில வை. பாரேன், பெத்தவ மாதிரியே படுத்திருக்கு.

தங்கை: நல்லா இருக்கு அண்ணி. நிஜமா. எனக்குக் கண்ணு கலங்குது.

அண்ணி: கலங்கட்டும், ரோமத்து மேல மட்டும் சிந்தாதே. எழுந்து வெளியே வா. நீ போனாத்தான் நான் வர முடியும், இந்தக் குகை வாசல் ஒருத்தருக்குத்தான் அளவு.

தங்கை: வந்துட்டேன். கையைக் கொடுங்க... ம். இனிமே கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமா?

அண்ணி: எனக்கு ஒழுங்கா விளக்கிட்டு ஓட்டு. நாளைக்குக் கண்காட்சித் திறப்பு விழாவுல யாராவது கேட்டா நானும் ரெண்டு வார்த்தை பேசணும்ல.

தங்கை: இது பனியில தோண்டின குகை. பார்க்க வர்றவங்க இந்த ஓட்டையில காதை வைக்கணும். உள்ளே அம்மா தூங்குறது கேட்கும். பக்கத்துல இருக்கே இந்தப் பிடி, இதைத் தள்ளத் தள்ள பூமி சூடாகுறதா அர்த்தம். மேலே இருக்குற வெள்ளைக் கூரை தொய்ஞ்சு இறங்கும். அதுக்கு ஏத்த மாதிரி மூச்சு மாறும். கடைசி வரைக்கும் தள்ளினா திடுக்குனு முழிச்சுக்கும். பனிக்காலத்துலயே மழை பெய்ய ஆரம்பிச்சா நிஜக் குகையோட கூரையும் இப்படித்தான் இடிஞ்சு விழும். குட்டிங்களுக்கு வெளியில வர்ற வயசே ஆகியிருக்காது.

அண்ணி: சரி, ஓட்டு.

கரடிக் குகை: ஹ்ர்ர்ர்ர்... ப்ஷூ... ஹ்ர்ர்ர்ர்... ப்ஷூ...

அண்ணி: அடியே... இங்கே நின்னு கேட்டா இன்னும் கம்பீரமா இருக்கே. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவ்வளவு மரியாதையா இதை நான் கேட்டதே இல்ல.

தங்கை: இப்போ கொஞ்சம் சூடு...

கரடிக் குகை: ஹ்ர்ர்... ... ஹ்ர்... ... ... ஹ்ர்ர்ர்...

அண்ணி: இது அவர் அதிகமாச் சாப்பிட்டுட்டுப் படுக்குறது.

தங்கை: இல்ல, கூரை மெலிஞ்சு அம்மா புரண்டு படுக்குறது. பயபக்தியாக் கேளுங்க. மியூசியம் டைரக்டரே கேட்டு அசந்துட்டார் தெரியுமா? இவ்வளவு கிட்டப் போய் எப்படிப் பதிவு பண்ணினீங்கன்னு கேட்டார்.

அண்ணி: நீ என்ன சொன்னே?

தங்கை: உயிரைப் பணயம் வெச்சுன்னு சொன்னேன். பொய்யா?

அண்ணி: பொய்யே இல்ல. ஆனா பார்க்க வர்றவங்களை ஏமாத்துற மாதிரி ஆகாதா?

தங்கை: பலகையில 'மாதிரி ஒலி'ன்னு தெளிவாப் போட்டிருக்கேன். யாரு மாதிரின்னு போடல, அவ்வளவுதான். நிஜக் கரடிப் பதிவுன்னு ஒண்ணு கிடைச்சுதே, கேட்டா தண்ணி மோட்டார் ஓடுற மாதிரி இருந்துச்சு. எந்தப் பிள்ளை அதுக்குப் பாவப்படும்? இதைக் கேட்டா, யாரோ ஒருத்தர் நம்பித் தூங்குறாங்கன்னு தோணும். அதான் எனக்கு வேணும்.

அண்ணி: எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானத்தை நினைச்சாலே... நீ தரையில குப்புறப் படுத்துக்கிட்டு...

தங்கை: நீங்க போனை அவர் மூக்குக்கு நேரா நீட்டிக்கிட்டு...

அண்ணி: சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலாவே பிடிச்சுக்கிச்சு.

தங்கை: நான் ஜன்னல் திரையை வாயில அடைச்சுக்கிட்டேன்.

அண்ணி: அதான் அதுல பல்லு பதிஞ்சிருக்கு. எலின்னு நினைச்சு உங்க அண்ணன் பொறி வாங்கிட்டு வந்துட்டார்.

தங்கை: ஐயோ, போதும் அண்ணி, வயிறு வலிக்குது... அதிசயம் என்னன்னா, நமக்கு வேண்டிய மாதிரியே வந்துச்சே. "அண்ணி, இப்போ விட்டு விட்டு வேணும்"னு உங்க காதுல சொன்னேன். அப்பவே புரண்டு படுத்து விட்டு விட்டுக் குறட்டை விட்டார்.

அண்ணி: அப்புறம் "திடுக்குனு முழிக்கிற மாதிரி ஒண்ணு கிடைச்சா போதும்"னே. வாயை மூடுறதுக்குள்ள ஒரு கனைப்பு.

தங்கை: அதிர்ஷ்டம்னா அப்படி ஒரு அதிர்ஷ்டம். நாம சிரிச்சதும் அதுல விழுந்திருந்துச்சு. எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டேன்.

அண்ணி: அது சரி... இன்னிக்கு அவர் இதைக் கேட்டுக் கண்டுபிடிச்சுட்டா?

தங்கை: தன் குறட்டை எப்படித் தெரியும்? தூங்குறவங்க கேட்டிருக்கவே மாட்டாங்களே.

அண்ணி: விளையாட்டு இல்லடி. அந்தக் கல்யாண மண்டபம் ஞாபகம் இருக்கா? சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசந்தார். சின்னப் பசங்க எல்லாம் சுத்தி உட்கார்ந்து கைதட்டி, ஒருத்தன் எண்ண வேற ஆரம்பிச்சுட்டான். முழிச்சுப் பார்த்த மனுஷன் முகம் செத்துப் போச்சு. அதுக்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் படுக்க மாட்டேங்குறார், கவனிச்சியா? உட்கார்ந்தே சமாளிப்பார். வீட்டுலயும் "எனக்குக் குறட்டையே வராது"ன்னு ஒரே பேச்சு.

தங்கை: ம்... கவனிச்சேன்.

அண்ணி: நாளைக்கு அதே மாதிரிப் பிள்ளைங்க வரிசையா வந்து காதை வைக்கும். சிரிக்கும். கேலிக்கு வெச்சதா நினைச்சுட்டார்னா?

தங்கை: அப்போ எடுத்துடறேன். குகை ஊமையா இருந்தா இருக்கட்டும்.

அண்ணி: இத்தனை நாள் பாடுபட்டுட்டு?

தங்கை: அவரை அழ வெச்சு எனக்கு எந்தக் கரடியும் வேண்டாம் அண்ணி. இன்னொண்ணும் இருக்கு. அவர் கோவிச்சுக்கிட்டா, நீங்கதான் மூக்குல போனை நீட்டினீங்கன்னு நான் சொல்ல, இவதான் கேட்டான்னு நீங்க சொல்ல... திரும்பவும் நாம பழையபடி ஆயிடுவோமோன்னு பயமா இருக்கு.

அண்ணி: பைத்தியம். ஆவோமா?

தங்கை: ஒரு தடவை ஆனோமே.

அண்ணி: ஆனோம். உன் ரூம்ல தையல் மெஷினைத் தூக்கிப் போட்டது என் தப்பு. அங்கே வெளிச்சம் நல்லா இருந்துச்சு, நீ ஹாஸ்டலுக்குப் போயிட்டே, போட்டுட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.

தங்கை: அலமாரி வெளியில கிடந்ததைப் பார்த்ததும் தண்ணிகூடக் குடிக்காமத் திரும்பிப் போனது என் தப்பு.

அண்ணி: அதுக்கப்புறம் சாப்பாட்டு மேஜையில எதிரெதிரே உட்கார்ந்துக்கிட்டே, "அண்ணா, உப்பு வேணும்னு சொல்லு."

தங்கை: "என்னங்க, உப்பு அங்கேதான் இருக்குன்னு சொல்லுங்க."

அண்ணி: நடுவுல அவர் உப்பையும் கையில வெச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் முழிப்பார்.

தங்கை: நீங்க திரும்பப் பேசினதே இந்தக் கரடியாலதானே. ஊர்ல ஒரு டெய்லரும் ஒத்துக்கல. ரோமத் துணி மூட்டையோட வந்து நின்னு, "அண்ணா, கரடிக்குத் தைக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லு"ன்னேன். நீங்க சுவரைப் பார்த்துக்கிட்டு...

அண்ணி: "என்னங்க, அளவு கொண்டு வரச் சொல்லுங்க."

தங்கை: அளவைக் கொடுத்தேன். இடுப்பைப் பார்த்துட்டு நேரா என்னைப் பார்த்து "இது என்னடி, உன் அளவா"ன்னீங்க.

அண்ணி: ஷ்ஷ்... கதவு சத்தம். வந்துட்டார். மூஞ்சியை நேரா வை. பல்லைக் காட்டாதே.

அண்ணன்: உள்ளே வரலாமா? ஆளையே காணோம்... அடேங்கப்பா. என்ன இது, இவ்வளவு வெள்ளை. கண்ணு கூசுது.

தங்கை: வா அண்ணா. செருப்பை அங்கேயே விட்டுடு, தரைக்குப் பெயின்ட் அடிச்சிருக்கு.

அண்ணன்: அது யாரு, மீசையோட முறைச்சுப் பார்க்குறது?

தங்கை: கடல்சிங்கத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். வால்ரஸ். மீசை அண்ணி பண்ணினது, துணி தோய்க்குற பிரஷ்ஷைப் பிரிச்சு.

அண்ணன்: ஓ, பிரஷ்ஷும் இங்கேதான் இருக்கா? வீட்டுல காணாமப் போறதெல்லாம் நேரா வடதுருவத்துக்கு வருது போல.

அண்ணி: வந்ததும் வராததுமா குறை சொல்லணுமா? அந்தக் குகையைப் பாருங்க.

அண்ணன்: படுத்திருக்கே, இதுதான் நீ தைச்சதா? நல்லா கொழுகொழுன்னு இருக்கு. ஆணா, பெண்ணா?

தங்கை: அம்மா கரடி. பக்கத்துல பாரு, ரெண்டு குட்டி.

அண்ணன்: அப்பா எங்கே?

தங்கை: அப்பாக் கரடி குகைப் பக்கமே வராது. எல்லாம் அம்மாதான்.

அண்ணன்: கொடுத்து வெச்ச ஜென்மம். இந்த ஓட்டை எதுக்கு?

தங்கை: அது... காதை வெச்சுக் கேட்கறதுக்கு. நாளைக்குக் கேட்டுக்கலாமே.

அண்ணன்: நாளைக்குக் கூட்டமா இருக்கும், கொஞ்சம் தள்ளு.

கரடிக் குகை: ஹ்ர்ர்ர்ர்... ப்ஷூ... ஹ்ர்ர்ர்ர்... ப்ஷூ...

அண்ணன்: அப்பப்பா. என்ன சத்தம் இது? இதோட குடும்பம் நடத்துறவங்க எப்படித்தான் தூங்குறாங்களோ.

அண்ணி: கஷ்டம்தாங்க... ரொம்பக் கஷ்டம்.

அண்ணன்: ஏன் உனக்கு இருமல்?

அண்ணி: பஞ்சு... தொண்டையில பஞ்சு.

அண்ணன்: நீ ஏன் குட்டி அந்தப் பக்கம் திரும்பி நின்னு தோளைக் குலுக்குறே?

தங்கை: வால்ரஸுக்கு மீசை... மீசை ஒட்டுறேன் அண்ணா.

அண்ணன்: நல்லவேளை, நமக்கு இந்தப் பழக்கம் எல்லாம் இல்ல. சரி, இந்தப் பிடி எதுக்கு? சூடா... ஓ, தள்ளினா கூரை இறங்குதே.

கரடிக் குகை: ஹ்ர்ர்... ... ஹ்ர்... ... ...

அண்ணன்: ஐயோ பாவம். என்னமோ ஆகுதே அதுக்கு.

தங்கை: பனி மெலிஞ்சுக்கிட்டே போகுது அண்ணா. குட்டிங்களுக்கு இன்னும் ரோமம்கூடச் சரியா வளரல. கூரை தாங்குற வரைக்கும்தான் அதுங்களுக்குக் கதகதப்பு. கடல்லயும் நின்னு வேட்டையாட ஐஸ் குறைஞ்சுட்டதால அம்மாவும் போதுமான அளவு சாப்பிட்டு உடம்பைத் தேத்தாமத்தான் வந்து படுத்திருக்கும்.

அண்ணன்: இடிஞ்சு விழுந்தா?

தங்கை: சில சமயம் தப்பிக்கும். பல சமயம்... குட்டிங்க நிலைக்காது.

அண்ணன்: ம்... இதைக் கேட்டா மனசு பிசையுது. நல்ல வேலை பண்ணியிருக்கே குட்டி. நாளைக்கு வர்ற பிள்ளைங்க சிரிச்சாலும் வீட்டுக்குப் போனதும் நினைச்சுப் பார்க்கும். கடைசி வரைக்கும் தள்ளிடறேன், என்ன ஆகுதுன்னு பார்த்துடலாம்.

கரடிக் குகை: ஹ்ர்ர்... ஹ்ர்ர்க்க்... ... ... கிகிகி... அண்ணி, வாயை மூடுங்க, எழுந்துடப் போறார்... கிகி... நீ முதல்ல திரையைத் துப்புடி...

தங்கை: ஐயோ.

அண்ணி: எல்லாத்தையும் வெட்டிட்டேன்னியே.

தங்கை: கடைசித் துண்டை... கடைசித் துண்டை மறந்துட்டேன்.

அண்ணன்: வடதுருவத்துல தமிழ் பேசுற கரடி இருக்குன்னு பலகையில போடலையே.

அண்ணி: என்னங்க... கோவிச்சுக்காதீங்க. சத்தியமாக் கேலிக்கு இல்ல.

தங்கை: நான்தான் அண்ணா கேட்டேன். அண்ணி வேண்டாம்னுதான் சொன்னாங்க.

அண்ணி: இல்லங்க, போனை நீட்டினது நான். அவ சும்மாதான் படுத்திருந்தா.

தங்கை: இப்பவே எடுத்துடறேன் அண்ணா. வேற ஏதாவது சத்தம் போட்டுக்கலாம். தண்ணி மோட்டார் ஒண்ணு இருக்கு.

அண்ணன்: எதையும் எடுக்க வேண்டாம். என் தலையணை எங்கே?

அண்ணி: அது... வயித்துக்குள்ள. தைச்சாச்சு.

அண்ணன்: இருக்கட்டும். பிள்ளை பெத்த உடம்பு, மெத்துன்னு படுக்கட்டும். ஆனா ஒண்ணு. எனக்குக் குறட்டை வராதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

அண்ணி: நிறையத் தடவை. ஆனா இந்தப் பதிவுல முதல்ல வர்றது...

அண்ணன்: முதல்ல வர்றது எதுவா இருந்தாலும் அது தூக்கத்துல வந்தது, அதுக்கு நான் பொறுப்பில்ல. அப்புறம் உன் நாத்தனார் அலமாரியில தலையை முட்டிக்கிட்டா. அதுலயே முழிச்சுட்டேன்.

தங்கை: முழிச்சுட்டியா? அப்போ விட்டு விட்டு வேணும்னு நான் சொன்னது...

அண்ணன்: நல்லாக் கேட்டுச்சு.

அண்ணி: திடுக்குனு முழிக்கிற மாதிரி ஒண்ணுன்னு இவ...

அண்ணன்: அதுக்குத்தான் ரொம்பச் சிரமப்பட்டேன். மூக்கே எரிஞ்சுது.

தங்கை: அடப்பாவி அண்ணா. அந்தத் திரையில இருந்த பல்லு... எலிப்பொறி...

அண்ணன்: தெரிஞ்சுதான் வாங்கினேன். அதைப் பார்த்து நீங்க ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கிட்டதைப் பார்க்கணுமே. குட்டி, அந்தக் கடைசித் துண்டை வெட்டினா தூக்கிப் போட்டுடாதே. என் போனுக்கு அனுப்பிடு.

அண்ணி: உங்களுக்குத்தான் கேலி பண்ணினா ஆகாதே. ஒரு அதட்டு அதட்டிட்டு எழுந்திருக்கலாம்ல? எதுக்கு மெனக்கெட்டுப் படுத்துக் கிடந்தீங்க?

அண்ணன்: ஒரு வருஷத்துக்கு மேல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உப்பைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவன் நான். அன்னிக்கு என் தலைமாட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறீங்க. கண்ணைத் திறந்தா நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சு... அதான், நீங்க எழுந்து போற வரைக்கும் குறட்டை விட்டுக்கிட்டே இருந்தேன்.